300 டாலர் பொருளின் முழு பில்

என் டைம்லைனில் அடிக்கடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுற்றுகிறது. ஒரு பக்கம் அமெரிக்க விலை, இன்னொரு பக்கம் இந்திய விலை, கீழே 'பகல் கொள்ளை' என்று ஒரு வரி. கேமரா, கீபோர்டு, சர்க்யூட் போர்டு என்று கண்டதையும் வெளிநாட்டில் ஆர்டர் போடுகிறவன் நான் என்பது நண்பர்களுக்குத் தெரியும். அதனால் அடுத்த கேள்வி இன்பாக்ஸுக்கு வந்துவிடும்: "அங்கேயே ஆர்டர் போட்டுடலாமா சார்?"

பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கே கிடைக்கவே கிடைக்காத பொருளா? தாராளமாகப் போடுங்கள். விலை குறைவு என்ற ஒரே காரணமா? பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த ஸ்க்ரீன்ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடைகள் போடும் விலையில் விற்பனை வரி கிடையாது. பில் போடும்போதுதான் சேரும். அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆரிகனில் ஒன்றுமே இல்லை, கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். நம் ஊர் எம்ஆர்பி என்பது ஜிஎஸ்டி உட்பட எல்லாம் அடங்கிய விலை. லேப்டாப்புக்கும் போனுக்கும் 18 சதவீத வரி உள்ளேயே இருக்கிறது. வரி போடாத விலையையும் வரி போட்ட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சரி, கூரியரில் வரவழைக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பொருள் 300 டாலர், அனுப்பும் செலவு 40 டாலர். கணக்குச் சுலபமாக இருக்க டாலர் 85 ரூபாய். ஆக 28,900 ரூபாய். இதில் பலர் கவனிக்காத விஷயம், வரி அந்த 300 டாலருக்கு மட்டும் இல்லை. பொருள், அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி வருகிற தொகையின் மேல்தான் சுங்கவரி. சுங்கவரியின் மேல் சமூகநல கூடுதல் வரி. இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கும் வரி. சொந்த உபயோகத்துக்கு என்று தபாலிலோ கூரியரிலோ வரும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்று தனித் தலைப்பு உண்டு. அதில் சில ஆண்டுகள் 35 சதவீதம் சுங்கவரி, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, மொத்தத்தின் மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி என்று இருந்தது. கூட்டிப் பாருங்கள், 100 ரூபாய்ப் பொருளுக்கு 77 ரூபாய் 28 காசு வரி. பிறகு குறைத்திருக்கிறார்கள். இது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற சமாச்சாரம் என்பதால், போன வருடம் நண்பர் கட்டிய கணக்கை நம்பாமல் வாங்கும் அன்று என்ன விகிதம் என்று பாருங்கள்.

நம் கணக்குக்கு எல்லாம் சேர்த்து 40 சதவீதம் என்று வைத்தால் வரி 11,560. பல வங்கிகள் வெளிநாட்டுப் பணத்தில் கார்டு தேய்த்தால் 3.5 சதவீதம் பிடித்துக்கொள்கின்றன, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அது கிட்டத்தட்ட 1,190. மொத்தம் 41,650. இதற்கு மேல் கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் சுங்கத்தில் பேப்பர் போட்டதற்கு ஒரு கட்டணம் வைத்திருக்கும். அது டெலிவரி அன்றைக்குத்தான் கண்ணில் படும். அதே பொருள் இங்கே 38,000 என்றால் உங்களுக்கு லாபம் எங்கே?

இந்த இடத்தில் எனக்கு அரசாங்கத்தின் மேல் உண்மையிலேயே ஒரு கோபம் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997-இலேயே இந்தியா சேர்ந்துவிட்டது. அதனால் லேப்டாப்புகளை மொத்தமாக இறக்கும் நிறுவனத்துக்கு அடிப்படைச் சுங்கவரி பூஜ்யம், ஐஜிஎஸ்டி மட்டும்தான். அந்த ஐஜிஎஸ்டியையும், ஏற்கெனவே கட்டிய வரி என்று, விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார்கள். நீங்களும் நானும் ஒரே ஒரு பொருளைக் கூரியரில் வரவழைத்தால், பெரும்பாலும் கூரியர்காரர் அதை 9804-இல் போட்டுவிடுகிறார். என்ன பொருள் என்பதே அங்கே முக்கியமில்லை. கன்டெய்னரில் வந்தால் கணினி, பார்சலில் வந்தால் ஆடம்பரம். இதற்கு நியாயமான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாற்ற என்பார்கள். இங்கே யாருமே தயாரிக்காத ஒரு கீபோர்டின் உதிரிபாகத்துக்கு வரி போட்டு எந்தத் தொழிற்சாலையைக் காப்பாற்றுகிறோம்?

உடனே ஒருவர் கமெண்டில் வந்து, "கிஃப்ட் என்று போடச் சொல்லுங்கள் சார், பத்து டாலர் என்று எழுதிவிடுவான்" என்பார். அந்தக் கதவை 2019 டிசம்பரிலேயே சாத்திவிட்டார்கள். தபாலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்று வருவதற்குத் தடை. விதிவிலக்கு இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியை யோசித்துச் சேர்த்த அதிகாரிக்கு நிச்சயம் ஒரு தங்கை இருந்திருக்க வேண்டும். குறைத்து எழுதிய விலை பிடிபட்டால் பறிமுதல், அபராதம் என்று சுங்கச் சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. அதிகாரி பொருளின் பெயரை கூகுளில் தட்டினாலே விலை தெரிந்துவிடும். இன்னொன்று, பத்து டாலர் என்று எழுதிய பார்சல் வழியில் தொலைந்தால், பத்து டாலருக்கு மேல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பழைய லென்ஸ் பிரியர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானிய விற்பனையாளர்கள் இபேயில் போடும் பழைய லென்ஸ்களைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். படங்கள் அவ்வளவு சுத்தம், குறைகளை அவர்களே எழுதிவிடுகிறார்கள். ஆனால் இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு எங்கே என்று சுங்கத்தில் கேட்கலாம். நிறைய பார்சல்கள் தொல்லையில்லாமல் வந்துவிடுகின்றன என்பதும் உண்மைதான். மாட்டினால் வாதாட நம்மிடம் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். ட்ரோன் கதை இன்னும் மோசம். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யவே தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. கல்யாண வீடியோ எடுக்க என்று சொன்னால் நடக்காது.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சான். எல்லோருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார், பாவம். 18 வயதான பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது சரிதான். அந்த ஒன்று அவர் சொந்த லேப்டாப் என்பதைக் கேட்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். சித்தப்பா மகனுக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்று என்று அவர் பெட்டியில் அடுக்கினால் சுங்கத்தில் நின்று பதில் சொல்லப் போவது நாமில்லை, அவர். அங்கே ஆபரேட்டர் கொடுக்கும் தவணைத் திட்டத்தில் வாங்கிய போனாக இருந்தால் லாக் ஆகி இருக்கலாம், நம் சிம் ஏறாது. 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் துளையே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். பெங்களூரில் இருக்கும் பையனுக்கு அது பிரச்சினையில்லை. பேட்டரி செத்தால் சிம்மை உருவி வேறு போனில் போட்டுப் பேசும் என் அப்பாவுக்கு அது பெரிய பிரச்சினை.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக்கின் பின்னை மட்டும் மாற்றினால் போதும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இங்கே 230. ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றை அப்படியே செருகினால் புகைதான் வரும். அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அதன் எடையும் விலையும் ஸ்க்ரீன்ஷாட்டில் வராது.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, பொருள் பழுதாகும்போதுதான் தெரியும். இங்கே வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். சீனாவின் ஷென்ஜென்னில் இருக்கும் கடைக்காரர் மேல் தேனியில் உத்தரவு வாங்கினால் யார் போய் நிறைவேற்றுவது? திருப்பி அனுப்பலாம் என்பார்கள். அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். பேட்டரி உள்ள பொருள் என்றால் பல கூரியர்கள் எடுக்கவே யோசிக்கும். குறையுள்ள பொருளைத் திருப்பி அனுப்பினால் கட்டிய சுங்கவரியைத் திரும்பக் கேட்கச் சுங்கச் சட்டத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. முப்பது நாள் கெடு, அதிகாரி முன்னிலையில் நடைமுறைகள். ஒற்றை ஹெட்போனுக்காக ஒரு தனியாள் அதன் பின்னால் அலைவது நடக்கிற காரியமா? மாற்றுப் பொருள் வந்தால் அதற்கும் புதிதாக வரி கேட்கலாம். நம் விலைக் கணக்கில் இதற்கெல்லாம் யாரும் ஒரு ரூபாய்கூட எழுதுவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நானே ஏன் ஆர்டர் போடுகிறேன்? நான் வாங்குபவை இங்கே விற்காதவை. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று இரண்டு பாதியாக வரும் கீபோர்டு, ஏதோ ஒரு பழைய கேமராவில் வேறு லென்ஸ் மாட்டுவதற்கான மவுன்ட் அடாப்டர், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் "அது வராது தம்பி" என்று கையை விரிக்கிற ஒரு சென்சார். சீன ஷாப்பிங் ஆப்பான அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பரில் தடை செய்ததற்கு முன்பு பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் இரண்டு மூன்று டாலருக்கு வாங்கிய சர்க்யூட் போர்டுகளை இன்று ரிச்சி தெருக் கடைகளிலேயே வாங்க முடிகிறது. கொஞ்சம் கூடத்தான். ஆனால் வேலை செய்யவில்லை என்றால் மறுநாள் போய் மாற்றிக்கொண்டு வரலாம். அந்தக் கூடுதல் காசை நான் மனமாரக் கொடுப்பேன்.

இங்கே கிடைக்காத பொருள்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் வரியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அனுப்பும் விற்பனையாளரைத் தேடுங்கள். அடையாள ஆவணம் கேட்டு கூரியர் அனுப்பும் கேஒய்சி மெசேஜுக்கு அன்றே பதில் போடுங்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். பில்லில் உண்மை விலை இருக்கட்டும். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் இபேயிலோ கார்டு கம்பெனியிலோ காட்ட உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.