கொரியர்களுக்கு ஜப்பான்காரர்களைப் பிடிக்காது என்று யார் சொன்னது?

நாலு நாளாக எல்லா கே-டிராமா குழுக்களிலும் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இங்கே மறுபடி போடப் போவதில்லை. ஜப்பானியப் பெண் ஒருத்தி கொரிய டிவியில் பாடுகிறாள். கீழே மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். அதை மெஷின் மொழிபெயர்ப்பில் தமிழாக்கி, "அனிமேவுக்கு வரிசையில நிப்பான், ஜப்பான்காரனைக் கண்டா காறித் துப்புவான், இதுதான் கொரியாக்காரன் புத்தி" என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னையும் டேக் செய்திருக்கிறார்கள்.

சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு தப்பு. கொரியர்களின் கோபம், ஜப்பான் அரசு தீர்க்காமல் வைத்திருக்கும் ஒரு கணக்கின் மேல். ஜப்பானிய மனிதர்கள் மேல் அல்ல, அவர்கள் பாட்டின் மேலும் அல்ல. இந்த ஒரு விஷயத்தைத்தான் கடைசி வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீடியோ. 2024 ஏப்ரலில் எம்பிஎன் சேனலில் ஓடிய கொரிய-ஜப்பானியப் பாடகர்களின் போட்டி நிகழ்ச்சி அது. அந்தப் பெண் பாடியது 1981-இல் ஜப்பானில் கோண்டோ மசாஹிகோ பாடிப் பிரபலமான பாட்டு. 80-களில் அதைக் கொரியாவில் சட்டப்படி விற்கவே முடியாது. ஆனால் கள்ள கேசட்டில் வந்து ஊர் ஊராக ரோலர் ஸ்கேட்டிங் அரங்குகளில் ஒலித்தது. அந்த அரங்குகளில் சக்கரக் காலோடு சுற்றிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த வீடியோவைப் பல லட்சம் முறை ஓட விட்டவர்களில் அவர்கள்தான் அதிகம். கமென்ட் பகுதியை லைக் வரிசைப்படி வைத்து மேலிருந்து படித்தால் இது தெரியும். புதியது முதலில் என்று மாற்றி, கீழே கிடக்கும் மூன்று வசவைப் பொறுக்கி எடுத்தால் தெரியாது.

"சரி, தடை போட்டு வச்சிருந்தாங்களே, அது வெறுப்பு இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தடை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. அதன் கடைசி ஆண்டுகளில் பள்ளியில் கொரிய மொழி இல்லை, குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்ற வைத்தார்கள். விடுதலைக்குப் பின் ஜப்பானியப் படம், பாட்டு, காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தினார்கள். சாத்தினார்களே தவிர, சரக்கு நிற்கவில்லை. 1975-இல் எம்பிசி சேனலில் மசிங்கர் இசட் ஓடியது. ஜப்பானிய ரோபோதான். ஆனால் டைட்டில் பாட்டைக் கொரிய மொழியில் போட்டு, குரல் மாற்றிக் கொடுத்ததால், அது கொரியப் படம் என்று நம்பியே ஒரு தலைமுறை வளர்ந்தது. மற்ற தொடர்களுக்கும் இதே வேலைதான். பாத்திரங்களுக்குக் கொரியப் பெயர் வைப்பார்கள், கிமோனோ வரும் காட்சியை வெட்டுவார்கள், கடைப் பலகையில் ஜப்பானிய எழுத்து தெரிந்தால் மறைப்பார்கள். 90-களில் ஸ்லாம் டங்க் காமிக்ஸ் வந்தபோது சகுராகி ஹனமிச்சி காங் பெக்-ஹோ ஆனான், ருகாவா சியோ டே-உங் ஆனான், ஷோஹோகு பள்ளி புக்சான் ஆனது.

2023 ஜனவரியில் ஸ்லாம் டங்க் படம் கொரியாவில் வந்தபோது எந்தத் தடையும் இல்லை. அசல் பெயர்களையே வைத்திருக்கலாம். காங் பெக்-ஹோ என்றேதான் விட்டார்கள், ஏனென்றால் அந்தப் பெயரோடுதான் ரசிகர்கள் வளர்ந்திருக்கிறார்கள். 45 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. இரண்டு மாதம் கழித்து வந்த சுஸுமே 50 லட்சத்தைத் தாண்டியது. மொத்த மக்கள்தொகையே ஐந்து கோடிச் சொச்சம்! ஒரு படம் ஓடினால் பழைய பகை போய்விட்டது என்றோ, பகை இருந்தால் படம் பார்க்கக் கூடாது என்றோ யார் விதி வைத்தது? பங்காளிகளுக்குள் சொத்து வழக்கு கோர்ட்டில் இருபது வருஷம் நடக்கும், இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நம்மூரில் இதை யாரும் இரட்டை வேடம் என்று சொல்வதில்லை.

தடை யாரை உண்மையில் அடித்தது என்றும் பாருங்கள். 1964-இல் லீ மி-ஜா பாடிய டொங்பேக் அகஸ்ஸி கொரியாவே முணுமுணுத்த பாட்டு. மறு ஆண்டே 'ஜப்பானிய வாடை அடிக்கிறது' என்று தடை. 1965 என்பது பார்க் சுங்-ஹி ஆட்சி ஜப்பானோடு உறவு ஒப்பந்தம் போட்ட அதே ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் பேச்சுவார்த்தையை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது சியோலில் ராணுவச் சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள். ஜப்பானோடு கை குலுக்கிய அரசாங்கம், தான் ஜப்பானுக்கு வளையவில்லை என்று காட்டிக்கொள்ள ஒரு கொரியப் பாட்டுக்காரியின் பாட்டைப் பலி கொடுத்தது. 1987 வரை, இருபத்திரண்டு வருஷம், அந்தப் பாட்டு ரேடியோவில் இல்லை. ஜனங்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். இதிலும் வெறுப்பு ஜனங்களுடையது அல்ல, கவனியுங்கள்.

கதவு திறந்தது 1998-இல். அக்டோபர் 8 அன்று டோக்கியோவில் கொரிய அதிபர் கிம் டே-ஜுங்கும் ஜப்பான் பிரதமர் ஒபூச்சி கெய்சோவும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். காலனி ஆட்சியால் கொரிய மக்களுக்கு ஏற்பட்ட பெரும் துன்பத்துக்கு மனப்பூர்வமான மன்னிப்பு என்று ஜப்பான் எழுத்தில் கொடுத்தது அப்போதுதான். அதே மாதம் 20-ஆம் தேதி முதல் கட்டத் திறப்பு: காமிக்ஸும், கான், வெனிஸ், பெர்லின், ஆஸ்கர் விருது வாங்கிய படங்களும் போல சில மட்டும். 1999 செப்டம்பரில் இரண்டாம் கட்டம்: 2,000 இருக்கைக்கு மிகாத உள்ளரங்குகளில் கச்சேரி நடத்தலாம். 2000 ஜூனில் மூன்றாவது: இருக்கைக் கணக்கு போய்விட்டது, பாட்டு ரெக்கார்டும் வரலாம், ஆனால் ஜப்பானிய மொழியில் வரி இருக்கக் கூடாது. 2001 ஜூலையில் ஜப்பானியப் பாடப்புத்தகச் சண்டை வந்து எல்லாம் நின்றது. 2004 ஜனவரி 1-இல் நான்காம் கட்டம். அப்போதுதான் ஜப்பானிய மொழிப் பாட்டு சட்டப்படி கடைக்கு வந்தது.

இந்த வரிசையில் இடையில் எது நிறுத்தியது? படம் பிடிக்காமல் போனதாலா? இல்லை. பாடப்புத்தகம். வரலாற்றை எப்படி எழுதுகிறாய் என்ற கணக்கு. அதே கணக்குதான், திரும்பத் திரும்ப.

ஜப்பானியச் சரக்கு வந்தால் கொரியச் சினிமாவும் இசையும் அழிந்துவிடும் என்று அன்று பயந்தவர்கள் நிறைய. நடந்ததோ தலைகீழ். 2003-இல் ஜப்பானின் என்எச்கே சேனல் 'வின்டர் சொனாட்டா' என்ற தொடரை ஒளிபரப்பியது. கொரியாவின் கேபிஎஸ் சேனலில் வந்த தொடர் அது. அதற்குப் பிறகு அதன் நாயகன் பே யோங்-ஜூனைப் பார்க்க நாரிதா விமான நிலையத்தில் ஜப்பானிய அம்மாக்கள் ஆயிரக்கணக்கில் நின்றதும், படப்பிடிப்பு நடந்த நாமி தீவுக்கு டூர் பஸ் பஸ்ஸாக வந்ததும் இந்தக் குழுக்களில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைத் தமிழில் யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. 1963. இரு நாட்டுக்கும் தூதரக உறவே இல்லை. கொரியாவில் அரிசிப் பஞ்சம். சம்யாங் நிறுவனத்தின் ஜியோன் ஜுங்-யூன் நூடுல்ஸ் தொழில்நுட்பம் கேட்டு ஜப்பான் போகிறார். மியோஜோ நிறுவனத்தின் ஒகுயி கியோசுமி காசு வாங்காமல் கற்றுத்தருகிறார். மாவு பிசைவது, இழைப்பது, பொரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள், சூப் மசாலாவின் அளவை மட்டும் தரவில்லை. தொழிற்சாலை ஆட்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் ஒகுயியின் செயலாளர் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார், உள்ளே அந்த அளவுகள் இருந்தன என்பது சம்யாங் சொல்லிவரும் வரலாறு. செப்டம்பர் 15 அன்று கொரியாவின் முதல் ராம்யோன் 100 கிராம் பாக்கெட் 10 வோனுக்கு வந்தது. இன்று நீங்கள் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிடும் புல்டாக் நூடுல்ஸ் அந்த நிறுவனத்துடையது. 2023-இல் ஜப்பானின் நிஸ்ஸின் அதேபோல் ஒன்றைக் கொரிய எழுத்து அச்சடித்தே விற்றது.

திரும்பிய பக்கமும் உண்டு. ஃபுகுவோகாவில் மீன்சினையை உப்பிலிட்டு, மிளகாய் சேர்த்த சாற்றில் ஊறவைத்து விற்கும் மெண்டைக்கோ ஜப்பானியப் பண்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புசானில் பிறந்து வளர்ந்த கவாஹாரா தோஷியோ, போர் முடிந்து ஃபுகுவோகா வந்த பிறகு, சின்ன வயதில் சாப்பிட்ட மியோங்னான் என்ற கொரிய மீன்சினைப் பண்டத்தை நினைத்து 1949-இல் கடையில் வைத்தது அது. கொரிய முறையில் பூண்டும் மிளகாயும் தூக்கல். ஜப்பானிய நாக்குக்காக அதைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார். செய்முறைக்குக் காப்புரிமை வாங்காமல், கேட்டவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். மனிதர்கள் இப்படித்தான் இருந்தார்கள், உறவு இல்லாத காலத்திலும்.

இனி 2019. "நோ ஜப்பான்" என்று ஜப்பானியப் பொருட்களைக் கொரியர்கள் புறக்கணித்ததைத்தான் எல்லோரும் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். ஏன் வந்தது? 2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கிய ஜப்பானிய இரும்பு நிறுவனம் நால்வருக்குத் தலா 10 கோடி வோன் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நால்வரில் தீர்ப்பைக் காதால் கேட்க உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர், 94 வயது. 1965 ஒப்பந்தத்தோடு கணக்கு முடிந்தது என்றது ஜப்பான். அடுத்த ஜூலையில் செமிகண்டக்டருக்கு வேண்டிய மூன்று பொருட்களின் ஏற்றுமதியை இறுக்கியது. அதன் பிறகுதான் புறக்கணிப்பு. அந்த அக்டோபரில் ஜப்பானிலிருந்து கொரியாவுக்குப் போன பீர் பூஜ்யம்.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்ததை யாரும் எழுதுவதில்லை. சியோலின் ஜுங் வட்டார அலுவலகம் மியோங்டோங் பக்கத்துத் தெருக்களில் 'நோ ஜப்பான்' பதாகைகளைக் கட்டத் தொடங்கியது. எதிர்த்தது யார்? கொரியர்கள். ஜப்பானிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த சாதாரண மனிதரின் மனசு நோகும், எங்கள் சண்டை அபே அரசாங்கத்தோடு, அரசு அலுவலகம் இதில் தலையிடாதே என்று கூட்டமாக எழுதினார்கள். அன்றே பதாகைகள் இறங்கின. கோபம் உச்சத்தில் இருந்த மாதத்தில் மனிதரையும் அரசையும் பிரித்துப் பார்த்த மக்களைத்தான் மூன்று கமென்டை வைத்துக் காறித் துப்புகிறவர்கள் என்கிறீர்கள்.

சியோலின் ஹோங்டே பகுதியில் ஜப்பானியப் பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்தானே ஒருவன்? இழுத்தான். கொரியர்களே கொதித்தார்கள், அவன் தண்டனையும் பெற்றான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

2018-இல் ஜப்பான் போன கொரியர்கள் 75 லட்சம். 2019-இல் 56 லட்சம். 2024-இல் 88 லட்சம். வெறுப்புக்கு இப்படியா டிக்கெட் எடுப்பார்கள்?

"அப்புறம் எதுக்கு ஒரு இத்தாலிய ஓப்பராவுக்கு அவ்வளவு கூச்சல்?" என்று அந்தப் பதிவிலேயே ஒருவர் கேட்டிருந்தார். 2024 ஆகஸ்ட் 15, நள்ளிரவு தாண்டியதும் கேபிஎஸ் மேடம் பட்டர்ஃபிளையை ஒளிபரப்பியது. கிமோனோ, இடையில் ஜப்பானிய தேசியகீதத்தின் மெட்டு. ஆகஸ்ட் 15 அவர்களுக்கு விடுதலை நாள். கேபிஎஸ் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் டோக்கியோ டோமில் நியூஜீன்ஸ் என்ற கே-பாப் குழுவின் ஹன்னி, மட்சுடா செய்கோவின் 1980 பாட்டைப் பாடியபோது ஜப்பானும் கொரியாவும் சேர்ந்தே கொண்டாடின. ஏப்ரலில் எம்பிஎன், ஜூனில் ஹன்னி, இரண்டுக்கும் கைதட்டியவர்கள்தான் ஆகஸ்டில் கத்தினார்கள். பிரச்சினை பாட்டில் இல்லை, தேதியில் இருந்தது. இது புரியாதவர்களுக்கு எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எத்தனை தடவைதான் மன்னிப்பு கேக்குறது?" இந்தக் கேள்வியைத்தான் என்னால் நிதானமாகப் படிக்க முடியவில்லை. 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹக்-சூன் தன் முகத்தையும் பெயரையும் காட்டி, போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததைச் சொன்னார். அதுவரை அவரைப் போன்ற பெண்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்து வருஷம் வாய் திறக்கவில்லை. 1992 ஜனவரியிலிருந்து ஜப்பான் தூதரகத்தின் முன் புதன்கிழமைதோறும் கூட்டம். 2015-இல் இரு அரசுகளும் 100 கோடி யென்னுக்கு, இனி திருப்ப முடியாத இறுதித் தீர்வு என்று அறிவித்தன. அந்தப் பாட்டிகளை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவு செய்த 240 பேரில் இன்று இருப்பவர்களை ஒரு கை, இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவர்கள் வெறுக்கிறார்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஒரு அறிக்கையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த அமைச்சர் வந்து அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று சொன்னால், அந்த மன்னிப்பை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

ஜப்பான் பக்கமும் எல்லோரும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2024 ஆகஸ்ட் 23, கோஷியென் மைதானம், ஜப்பான் உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் இறுதிப் போட்டி. கொரியர்கள் 1947-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கியோட்டோ இன்டர்நேஷனல், பத்தாவது இன்னிங்ஸில் 2-1 என்று கோப்பையை வென்றது. வழக்கப்படி வென்ற பள்ளியின் கீதம் ஒலித்தது. கொரிய மொழியில், என்எச்கே நேரலையில். இணையத்தில் அந்தப் பள்ளியின் மேல் கொட்டிய விஷத்தைக் கியோட்டோ ஆளுநரே கண்டிக்க வேண்டி வந்தது. மைதானத்திலோ ஜப்பானிய ரசிகர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் 'கொரியா ஜப்பானை ஜெயித்தது' என்று எழுதிய கொரியர்களும் உண்டு. அதுவும் தப்புதான். அந்தப் பள்ளியில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியப் பிள்ளைகள். கொரிய மொழி கீதத்தைத் தொண்டை கிழியப் பாடியது அந்த ஜப்பானியப் பையன்களும்தான்.

இரு நாடும் உரிமை கோரும் டோக்டோ தீவு பற்றியும், ஜப்பானின் போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி கோயில் பற்றியும் இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: தனிப் பதிவாக எழுதுகிறேன், இதில் கலந்தால் இரண்டும் கெடும். கமென்டில் எந்த நாட்டுக்காரரையாவது "இவங்க புத்தியே இப்படி" என்று எழுதினால் நீக்கிவிடுவேன். யாராக இருந்தாலும்.