கோயில் சமையலறை ப்ளக்கும் டீசல் மாமாவும்

ஆடி ஞாயிறன்று தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் கோயிலில் என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் பாதிப்பேர் அங்கேயே இருந்தீர்கள். மீதிப்பேர், கோயில் சமையலறையில் தன் மின்சாரக் காரைச் செருகிய அந்தத் தம்பியின் பதிவில் என் பக்கியின் (டீசல் பிக்கப் வண்டி) படத்தைப் பார்த்திருப்பீர்கள். "எதிர்காலத்தைக் கண்டு பயப்படும் டீசல் மாமாக்கள்" என்று தலைப்பு. நூற்றுக்கு மேல் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என் சொந்த அக்கா மகன் போட்டது. பார்த்துக்கொண்டேன்.

எனக்கு மின்சாரக் காரின் மேல் கோபமே இல்லை. கோபம் அந்தக் கேபிளின் மேல். கூழுக்கு வந்த வயதானவர்களுக்கு டீ போட வைத்திருந்த அர்னின் (வெந்நீர் போடும் பெரிய மின்பாத்திரம்) லைனிலேயே, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஜன்னல் வழியாகக் கேபிளை நுழைத்துக் காரைச் செருகினார் தம்பி. அர்ன் இழுப்பது 10 ஆம்பியர். கார் 10க்கு மேல். ஃப்ரிட்ஜ் வேறு இருக்கிறது. பிரேக்கர் 20. மூன்று முறை ட்ரிப் ஆனது, மூன்று முறையும் யாரோ ஒரு புண்ணியவான் போய்த் தூக்கிவிட்டார். மூன்றாவது தடவை, அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஆயாவின் மைக் பாதி வரியில் நின்றுபோனது. அப்போதுதான் நான் கேபிளைப் பிடுங்கினேன். சத்தமும் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

இதுதான் எதிர்காலத்தை எதிர்ப்பதா?

நான் அன்று கேட்டது ஒரே கேள்வி. தம்பி, இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை, என் பக்கியின் படம்தான் வந்தது. நானே சொல்லிவிடுகிறேன். நம் அரசு மின்நிறுவனம் எஸ்காம் தரும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரி. நிலக்கரி மாகாணமான ம்புமலாங்காவில் எரித்தால் டர்பனில் விளக்கு எரியும். உங்கள் காருக்குப் புகைக்குழாய் இல்லாமல் இல்லை, சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

உடனே "அப்போ பெட்ரோல் சுத்தமா?" என்று கிளம்புவார்கள். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? இந்த நாட்டில் பெட்ரோலிலும் நிலக்கரி இருக்கிறது. எண்ணெய்க்கு வழியில்லாத நாடு 1955இலேயே சாசோல்பர்க்கில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தது. அப்புறம் நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் தர உலகம் தயங்கிய காலத்தில், செகுண்டாவில் அதையே பல மடங்கு பெரிதாகக் கட்டினார்கள். ஒரே இடத்திலிருந்து கரியமில வாயு கக்கும் ஆலைகளில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. மாற்று எரிபொருள், மாற்று எரிபொருள் என்று இன்று உலகம் பேசுகிறது. நாம் எழுபது வருடமாக மாற்று எரிபொருளில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், லட்சணம் இது. ஆகவே பெட்ரோலோ டீசலோ பேட்டரியோ, கேள்வி அதேதான். எங்கிருந்து வருகிறது?

கரும்பை மட்டும் நான் விடமாட்டேன். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தது கரும்புத் தோட்டத்துக்காகத்தான். என் முன்னோரும் அதே வேலைக்கு வந்தவர்கள்தான், எந்தக் கப்பல் என்று தெரியாது. இங்கே நேட்டால் மாகாணத்தில் நூறு வருடம் முன்பே கரும்புப்பாகிலிருந்து ஆல்கஹால் எடுத்து, ஈதர் கலந்து, நேட்டலைட் என்ற பெயரில் மோட்டார் எரிபொருள் செய்தார்கள். இன்று பிரேசிலில் பெட்ரோல் பங்கில் கரும்பு ஆல்கஹால் சர்வசாதாரணம். இங்கே? 2015 அக்டோபரிலிருந்து பெட்ரோலில் குறைந்தது 2 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சட்டம் காகிதத்திலேயே காய்ந்துபோனது. டோங்காட் பக்கம் போய்ப் பாருங்கள், கரும்பு விவசாயி படும் பாடு தெரியும். அவன் வயலில் நிற்பதும் எரிபொருள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. (எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய வண்டியின் ரப்பர் குழாயைத் தின்னும். மெக்கானிக்குக்கு அது தெரியாதா? குழாயை மாற்றினால் தீர்ந்தது.)

ஹைட்ரஜன் என்பீர்கள். அதற்கு வேண்டிய பிளாட்டினம் நம் மண்ணில்தான் குவிந்து கிடக்கிறது, 2022இல் மொகலக்வேனா சுரங்கத்தில் ஹைட்ரஜனில் ஓடும் ராட்சத லாரியையும் காட்டினார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எந்தப் பங்கில் போய் நிரப்புவது?

மின்மோட்டார் சக்தியை வீணாக்குவது குறைவு, நிலக்கரிக் கரண்டில் ஓடினாலும் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று ஒருவர் நாகரிகமாக எழுதியிருந்தார். சரி, உண்மை. விடுங்கள்.

"என் வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது" என்கிறார் தம்பி. வாழ்த்துகள். வெயில் அடிக்கும் பகல் முழுக்க உங்கள் கார் ஆபீஸ் வாசலில் நிற்கிறது, ராத்திரி வந்துதான் செருகுகிறீர்கள். அதையும் விடுங்கள். பிளாட்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறவர் கேபிளை எங்கே தொங்கவிடுவார்? அன்று கூழ் வாங்க வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் சொந்தக் கார் இல்லாமல் மினிபஸ் டாக்சியில் வந்து இறங்கியவர்கள். 2023இல் 300 நாட்களுக்கு மேல் லோட்ஷெட்டிங், முறைவைத்து மின்வெட்டு. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு சமைத்த வீடுகளைப் பார்த்து "எதிர்காலத்துக்கு வா" என்றால் எப்படி வருவார்கள், நடந்தா?

அடுத்தது பெரிய குற்றச்சாட்டு. "மாமாவின் கராஜ் படுத்துவிடும், அதுதான் வயிற்றெரிச்சல்." இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விட மாட்டேன். எனக்கு வயது 57. போன வருடம் என் கைக்காசு போட்டு உயர்மின்னழுத்த வண்டிகளுக்கான பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் என் மகன் வயசு. ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடும் முன் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தக் கையுறை, எல்லாம் படித்தேன். முதல் பரீட்சையில் தேறவில்லை. இரண்டாவதில் தேறினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவிக்கு மட்டும் தெரியும். சொல்லியிருந்தால் அந்தத் தலைப்பு வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

பயமாம். கேப் டவுனில் நம் நாட்டு ஆட்களே ஜூல் என்று மின்சாரக் கார் செய்து 2008இல் பாரிஸ் கண்காட்சியில் நிறுத்தினார்கள். தொழிற்சாலைக்குப் பணம் கிடைக்காமல் 2012இல் மூடிவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத வரி, மின்சாரக் காருக்கு 25. இதையெல்லாம் செய்தது டீசல் மாமாக்களா?

"உங்களுக்குப் புகை பிடிக்கும் போல" என்று ஒருவர் கமென்ட். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. நான் டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பக்கத்து மெரபேங்கில் வளர்ந்தவன். அந்த ஆலையின் தீக்கொழுந்தைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினேன். காற்று திரும்பினால் அம்மா காயப்போட்ட துணியை ஓடிப்போய் எடுப்பாள். எங்கள் தெருவில் ஆஸ்துமா பம்பு இல்லாத பள்ளிப்பை குறைவு. அம்மா கடைசி நான்கு வருடம் படுத்துத் தூங்கியதே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். எனக்குப் புகை பிடிக்குமாம். நான் கேட்பது, என் அம்மா குடித்த புகையை இன்னொரு ஊர்க்காரியின் ஜன்னலுக்குத் தள்ளிவிட்டு சுத்தம், சுத்தம் என்று மார்தட்டாதே என்பதைத்தான். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

அந்தத் தம்பி நல்ல பையன்தான். அவன் அப்பாவின் பக்கிக்கு இன்ஜெக்டர் மாற்றியது நான்தான், பாதிப் பணம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை. ஒன்று மட்டும் செய்யட்டும், படத்தில் என் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது, அதை மறைக்கட்டும்.

கோயில் ஆம்ப்ளிஃபயர் இப்போது என் மேசையில் கிடக்கிறது. பவர் சப்ளை போய்விட்டது, ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். யார் காசு தருவது என்று செவ்வாய்க்கிழமை குரூப்பில் கேட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது.