தனுஷ்கோடி ஆளில்லாத ஊர் இல்லை

எல்லோரும் மாறி மாறிப் பகிரும் அந்த 'மூன்று நாளில் இராமேஸ்வரம்' பயணத் திட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் இணைப்புக் கொடுக்கப் போவதில்லை, அதற்கு ஏற்கெனவே வேண்டிய கூட்டம் இருக்கிறது. தங்கும் விடுதி, தீர்த்தம், பாம்பன் பாலம் எல்லாம் அதை எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் தனுஷ்கோடி. அங்கே ஒரு வரி: "மனித நடமாட்டமே இல்லாத பேய் நகரம், படம் எடுக்க அருமையான இடம்." அதன் கீழே அவரே போட்டிருக்கும் படத்தின் ஓரத்தில் ஓர் ஓலைக்குடிசை தெரிகிறது. கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. யாருடைய சீருடை என்று நினைத்தார்?

தனுஷ்கோடியில் மனிதர்கள் இருக்கிறார்கள். கம்பிப்பாடு, பாலம் என்ற குடியிருப்புகளில் மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு வரிசையாக ஆண்களும் பெண்களும் பிடித்து, இடுப்பில் கட்டிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். மணிக்கணக்காகும். கடைசியில் மீன் சேரும் வலையின் மடி கரையேறும்போது நெத்திலியும் காரலும் துள்ளும். சில நாள் பாசியும் குப்பையும்தான் வரும். போன முறை நான் நின்றிருந்தபோது, இழுபட்டுக்கொண்டிருந்த கயிற்றின் மேல் ஒரு குடும்பம் ஏறி நின்று படம் எடுத்தது. இழுத்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களைத்தான் நடமாட்டம் இல்லை என்கிறார்.

இதைப் பின்னூட்டத்தில் சொன்னேன். வந்த பதில்கள் இவை.

"அரசாங்கமே வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டதே" என்றார் ஒருவர். அறிவித்தது உண்மை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அறிவித்தார்கள். அறிவிப்பால் கடல் இடம் மாறிவிடாது. மீன் இருக்கும் இடத்துக்கு மீனவன் திரும்பி வருவான், வந்தான். தகுதியற்ற இடம் என்றால் அங்கே வாழ்கிறவர்களைப் பற்றிக் கூடுதலாக அல்லவா கவலைப்பட வேண்டும்? அவர்களே இல்லை என்று எழுதலாமா?

"அறுபது வருடம் ஆயிற்று, இன்னுமா உணர்ச்சிவசப்படுவீர்கள்?" என்றார் இன்னொருவர். ஆமாம், படுவேன். என் அப்பத்தாவின் தங்கையை தனுஷ்கோடியில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை. தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த காலம் அது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறி, இலங்கையில் மறுபடி ரயில் பிடிப்பார்கள். சுங்க அலுவலகம், தபால் நிலையம், சத்திரங்கள் என்று கூட்டம் ஓயாத ஊர். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் எவரும் பிழைக்கவில்லை. ஊரிலும் தீவிலுமாகச் செத்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பார்கள். அப்பத்தாவின் தங்கை வீட்டில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யக் கல்லறை இல்லை, போய் நிற்க ஓர் இடம் இல்லை. புயலில் இடிந்து இன்னும் நிற்கும் தேவாலயத்தைத்தான் அப்பத்தா தங்கையின் கல்லறையாக வைத்துக்கொண்டாள். தங்கச்சிமடத்திலிருந்து மீன்வண்டியில் ஏறி, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி மணலில் நடந்து போவாள். இப்போது அதே சுவரில் சாய்ந்து திருமணத்துக்கு முந்தைய படங்கள் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் அது, ஏறி மிதித்தால் உதிரும். ஏறாதீர்கள் என்று சொன்னால் "உங்கள் அப்பன் வீட்டுச் சுவரா?" என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிணங்களுக்கு வேறு சுவர் இல்லை.

நான் யாரையும் வராதீர்கள் என்று சொல்லவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் சிலர் காதில் ஏறவில்லை. வாருங்கள், ஆனால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து திட்டமிடுங்கள். அது தெரியாமல் போட்ட திட்டம் மற்றதிலும் தவறும். மே மாதம் வந்தால் விதவிதமான மீன் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகிலும் கரைவலையிலும் வருவதுதான் மீன், விலையும் ஏறித்தான் இருக்கும். இதை மீனவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்க ஆளே இல்லை என்று நினைத்துவிட்டாரே! தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில், இரண்டு கடலும் சேரும் இடத்தில் இறங்கிக் குளிக்கச் சொல்கிறார். அந்த வரியை மட்டுமாவது இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதையும் மீறி உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் உடலைத் தேடிக் கடலில் இறங்குகிறவர்கள் அந்த 'நடமாட்டமே இல்லாத' ஊர்க்காரர்கள்தான்.

கடைசியாக, "நாங்கள் வராவிட்டால் உங்களுக்குச் சோறு ஏது?" என்று கேட்டவருக்கு. சுற்றுலாவால் வருமானம் உண்டு, மறுக்கவில்லை. சங்கு விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். ஆனால் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்ததே 2017இல்தான். அதுவரை சேற்றிலும் மணலிலும் ஜீப்பும் வேனும் மட்டும்தான் போகும். அந்த மக்கள் அப்போதும் சாப்பிட்டார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை அகப்பையில் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்று எங்கே நிறுத்துவதென்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்காகச் சாலை வந்த பிறகும் அவர்கள் குடிசையில் எரிந்தது சூரிய ஒளி விளக்குதான். கார் நிறுத்த இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மின்கம்பம் நடத் தோன்றவில்லை. ஆளே இல்லாத ஊருக்கு எதற்கு மின்சாரம், எதற்குக் குடிநீர்க் குழாய், எதற்குப் பட்டா என்று கோப்பை மூடிவைக்க நீங்கள் பகிரும் அந்த ஒரு வரி போதும். அதனால்தான் இத்தனை பேரிடம் சண்டை போடுகிறேன். இனியும் போடுவேன்.