பட்டம் மட்டும் போதாது

மத சுதந்திர வழக்குகளைத் தொழிலாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு நல்ல கட்டுரை. ஆனால் பேர்போன சட்டக் கல்லூரியில் படித்தால்தான் இந்தத் துறையில் நிற்க முடியும் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹேடன் கோவிங்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ்காரர், படித்தது பேர்போன கல்லூரியில் இல்லை, சான் அன்டோனியோவில். யெகோவாவின் சாட்சிகள் (சுருக்கமாக, சாட்சிகள்) என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்காக ஊர் ஊராக வாதாடியவர். பெரும்பாலும் சின்ன வழக்குகள்தான்: அனுமதியில்லாமல் பிரசுரம் கொடுத்தார்கள், வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அப்படிப்பட்ட ஒன்றுதான் 1940இல் கான்ட்வெல் வழக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் போய், மத சுதந்திரம் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற தீர்ப்பைத் தந்தது.

அதே ஆண்டு கொபைட்டிஸ் வழக்கில் சாட்சிகள் தோற்றார்கள். மத நம்பிக்கையால் கொடி வணக்கம் செய்யாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று 8-1 தீர்ப்பு. அதன்பிறகு சாட்சிகள் பல ஊர்களில் கும்பலிடம் அடி வாங்கினார்கள். சரி, முடிந்தது என்று விட்டிருக்கலாம். கோவிங்டன் விடவில்லை. 1943இல் பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் 6-3 என்று தன் தீர்ப்பையே மாற்றியது. மூன்றே வருடத்தில்! எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம், அந்தப் பார்னெட் தீர்ப்பை நம் உச்ச நீதிமன்றமும் 1986இல் எடுத்துப் பேசியது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, பாடாமல் இருந்த சாட்சிகள் குடும்பத்து மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியில் திரும்பச் சேர்க்கச் சொன்ன பிஜோ இம்மானுவேல் வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் இந்த நான்கு தீர்ப்புகளையும் வரிசையாகப் படிக்கட்டும்.