நகம் பதிந்தால் சிறுத்தையா?

"தடத்தில் நகம் பதிந்திருந்தால் சிறுத்தைதான். முயலுக்குக் கண்ணி வைத்துப் பழகுவது குற்றமில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு, நண்பரே.

சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். விரல்களுக்கு முன்னால் கூரான புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் நாய், நரி அல்லது கழுதைப்புலி. சேற்றில் வழுக்கினால் சிறுத்தையின் நகமும் பதியலாம். அதனால் உள்ளங்கால் பதிவின் பின்விளிம்பைக் குனிந்து பாருங்கள்: பூனை இனமென்றால் மூன்று வளைவு தெரியும், தடமும் வட்டமாக இருக்கும்.

அப்புறம் கண்ணி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான், காட்டுமுயலுக்கும் பாதுகாப்பு உண்டு. முயலுக்கு வைத்த கம்பியில் சிறுத்தை இடுப்பு மாட்டித் துடிக்கிறது. தடம் பழக ஆற்று மணலும் சாய்ந்து விழும் காலை வெயிலும் போதும்.