1381 கிளர்ச்சிக்குக் காரணம் பசி இல்லை

"இங்கிலாந்துக் குடியானவர்கள் பட்டினி தாங்காமல் 1381-இல் எழுந்தார்கள்" என்று சொல்வது தவறு. ஏராளமானவர்களைக் கொன்ற கொள்ளைநோய்க்குப் பின் வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. 1351 சட்டம் அதைப் பழைய அளவிலேயே கட்டிப்போடப் பார்த்தது: ஆகஸ்ட் முதல் வாரம் அறுப்புக்கு நாளுக்கு 2 பென்னி, அடுத்த வாரம் 3, சாப்பாடு கிடையாது. பிரான்சுப் போருக்கான தலைவரியோ 1377-இல் 4 பென்னி, 1380-இல் 15 வயது தாண்டியவர்களுக்குத் தலைக்கு 12 என்று கணக்கு. வசதியுள்ளவர் ஏழைக்குக் கைகொடுக்க வேண்டுமாம்; வசதியுள்ளவரே இல்லாத ஊரில்?

ஊர்கள் ஆட்களை மறைத்தன, பட்டியலில் தலைகள் குறைந்தன. அதை விசாரிக்க வந்த அதிகாரிகளை 1381 மே 30-இல் எசெக்ஸ் பகுதி ஊரான பிரென்ட்வுட்டில் விரட்டியடித்தார்கள். பிறகு தேடித்தேடி எரித்தது நிலப்பிரபுவின் பண்ணைக்குக் குடியானவர்கள் செய்ய வேண்டிய கடமைகள் பதிவான தோல்சுருள்களை. பசித்தவன் முதலில் களஞ்சியத்தைத்தானே உடைப்பான்?