கிண்ணத்தைக் கழுவுங்கள், தோட்டத்தைக் கூட்டாதீர்கள்

கத்திரி தொடங்கினால் போதும், ஸ்டேட்டஸ் முழுக்க மொட்டைமாடிச் சுவரும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும்தான். "பறவைகளுக்குத் தண்ணீர் வைப்போம்." வைப்போம், சரி. ஆனால் கடலூர், புதுச்சேரி வெயிலில் 11 மணிக்கு அந்த டப்பாவில் இருப்பது வெந்நீர். காக்கா வந்து எலும்பை ஊறப்போட்டுவிட்டுப் போகும். நாலு நாளில் பாசி, எட்டாம் நாள் கொசு. இப்படி வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம்.

தண்ணீரை மாடியிலிருந்து இறக்கி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் வையுங்கள். (நம் பக்கம் கொல்லை என்றால் முந்திரிக்கொல்லை, அதனால் தோட்டம் என்றே சொல்கிறேன்.) செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். அகலம் 1 அடி, ஆழம் 2 இஞ்சுக்கு மேல் வேண்டாம். பெயின்ட் அடித்ததும் வழவழப்பானதும் உதவாது, கால் வழுக்கினால் குருவி இறங்காது. நடுவில் ஒரு செங்கல் துண்டு, அரை இஞ்ச் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி. தேன்சிட்டு உட்காரவும், தவறி விழுந்த தேனீ ஏறவும் அதுதான் படித்துறை.

இடம்தான் பலரும் சொதப்புவது. முருங்கையோ கொய்யாவோ, நாள் முழுக்க நிழல் விழ வேண்டும். பக்கத்துப் புதரிலிருந்து 6, 7 அடி தள்ளி இருக்க வேண்டும். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். வெட்டவெளியில் வைத்தால் வல்லூறு வரும்போது ஓடி ஒளிய இடம் இருக்காது. முடிந்தால் இரண்டு தட்டு: தரையில் ஒன்று தவிட்டுக்குருவிக்கும் செம்போத்துக்கும் கீரிக்கும், இடுப்புயரத்தில் ஒன்று கொண்டைக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும். தெருவில் பூனை அதிகமென்றால் தரைத்தட்டை மறந்துவிடுங்கள்.

தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால், இந்த வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசு. அதனால் தட்டுகளை ஜோடியாக வாங்குங்கள். ஒன்று நிழலில், ஒன்று தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தபடி. உப்புத்தண்ணீர் போர் உள்ள வீட்டில் தட்டில் வெள்ளையாகப் படியும், அதற்குப் புளிச்சக்கை போதும். சோப்புப் போடாதீர்கள்.

அசையாத தண்ணீர் பறவை கண்ணில் படப் பல நாள் ஆகும். சொட்டுகிற தண்ணீர் உடனே படும். 1 லிட்டர் பாட்டிலின் அடியில் காய்ச்சிய ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, தட்டுக்கு 2 அடி மேலே கிளையில் கட்டுங்கள். மூடியை இறுக்கினால் சொட்டு நிற்கும், தளர்த்தினால் ஓடும். விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஐந்தரை மணி நேரம் வரும். வெயில் பட்டால் உள்ளே பாசி கட்டி ஓட்டை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதே ஊசியால் குத்திவிடுங்கள்.

இனி உட்கார்ந்து பார்க்கலாம். மே மாதம் விடிவதற்கு முன்பே குண்டுகரிச்சான் பாட ஆரம்பித்துவிடும். 8 மணி வரை கொண்டைக்குருவி, மைனா, அணில். வெயில் ஏறியதும் தவிட்டுக்குருவிக் கும்பல் வரும். ஒன்று மேலே காவலுக்கு உட்காரும். ஒன்று தண்ணீரில் இறங்கி வயிறு நனையக் குந்தி, தலையை முக்கி எடுத்து, இறக்கையைப் படபடவென்று அடிக்கும். மற்றதெல்லாம் விளிம்பில் நின்று கத்தும், ரேஷன் கடை வரிசை மாதிரி. மதியம் காக்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் நோய் என்று பதறாதீர்கள். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சுக்காற்றில்தான் சூட்டை வெளியேற்றும். கடற்காற்று வீசத் தொடங்கும் வரை அப்படித்தான் இருக்கும். மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அதுவும் தாமதமாகும்.

புதுச்சேரியின் மாநிலப் பறவை குயில், மாநில விலங்கு அணில். இரண்டையும் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சாப்பாடு வைக்கிறேன் என்று தினமும் குழம்புச்சோறு கொட்டாதீர்கள். காக்காயும் எலியும்தான் பெருகும், அந்தக் காக்காய்தான் தேன்சிட்டின் கூட்டைப் பிரித்துக் குஞ்சைத் தின்னும். அமாவாசைச் சோறு வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. சோற்றுக்குப் பதில் ஒரு தேன்பழ மரம் வையுங்கள். சீக்கிரம் காய்ப்புக்கு வந்துவிடும். பப்பாளியில் உச்சிப் பழத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து, துடைப்பம். வேலியோரம் 6 அடிக்கு 4 அடி ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள், சருகு 3, 4 இஞ்ச் சேரட்டும். மாலையில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். புழு, பூச்சி, தேரை, அரணை எல்லாம் அங்கேதான். குஞ்சுக்கு இரை அங்கிருந்துதான் போகிறது. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூட குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும்.

"பாம்பு வருமே?" வரலாம். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் இங்கே உண்டு, மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் பாம்பைக் கூப்பிடுவது எலி. எலியைக் கூப்பிடுவது மிச்சச்சோறும் சுவரோரம் அடுக்கிய செங்கல், விறகும். அவற்றை அகற்றுங்கள். சருகில் வெறுங்கையை விடாதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

பாம்பைவிட எனக்குக் கோபம் வருவது வேலியில் கட்டுகிற பழைய மீன்வலையைப் பார்த்தால். ஆடு மாடு வராமலிருக்கக் கட்டுவது, மாட்டுவதோ எலியைத் துரத்தி வந்த சாரையும் தாழப் பறக்கிற செம்போத்தும். நைலான் கண்ணி செதிலுக்கு அடியில் இறங்கி அறுக்கும். வலைக்குப் பதில் முள்வேலியோ மூங்கில் படலோ போடுங்கள். எலி ஒட்டும் அட்டையும் அப்படித்தான், எலி மாட்டுகிறதோ இல்லையோ அரணை மாட்டும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை கத்தரிக்கோலையும் அடக்கி வையுங்கள். நந்தியாவட்டையில் ஓர் இலை மட்டும் பொட்டலம் மாதிரி சுருண்டிருந்தால் கிட்டப்போய்ப் பாருங்கள். விளிம்பில் வரிசையாக ஊசித்துளை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாய்ப் பஞ்சு முடிச்சு. தையல்சிட்டின் வேலை. முட்டைக்கு 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள். அந்தச் செடியை ஒரு மாதம் வெட்டாமலிருந்தால் குஞ்சு தப்பிக்கும். காய்ந்த முருங்கைக் கிளையையும் வெட்டாதீர்கள், 'டொக் டொக்' என்று கத்துகிற குக்குறுவான் அதில்தான் பொந்து போடும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இந்தப் பக்கத்துப் பழைய மாவையும் பலாவையும் சாய்த்ததில் எத்தனை பொந்து போயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

தரையில் குஞ்சு கிடந்தால், இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், பூனையை மட்டும் விரட்டுங்கள். இறகே இல்லாவிட்டால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. வெயிலில் சுருண்டு விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துப்போகும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், 15 நிமிடம், எத்தனை என்ற எண்ணிக்கையோடு. பறவைகளைப் பார்த்த விவரத்தைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் இன்னும் நல்லது. வெயில் முடிந்தது என்று அந்த மூலையைச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள். வடக்கேயிருந்து இரவெல்லாம் பறந்து வருகிற ஆறுமணிக்குருவி அக்டோபரில் களைத்து இறங்குவதும் சருகில்தான்.